வேலி பிடுங்காத குளிர்காலம்

தங்கைக்கு,

சுமாராகச் சறுக்கத் தெரிந்தவர்கள் மலையழகைப் பார்த்துக்கொண்டே இறங்கும் அந்த நீண்ட பனிச்சறுக்குப் பாதை, என் புல்வெளியைத் தாண்டித்தான் உன் விடுதி வாசலில் முடிகிறது. அதற்காக வருடாவருடம் பனி விழுமுன் என் மாட்டுவேலியைப் பிடுங்கி வைப்பேன்.

போன குளிர்காலத்தில் உன் அத்தான் கோர்பினியனின் சவப்பெட்டியை அதே வழியில் மாதா கோயிலுக்கு இறக்கினோம். வாசலில் மறித்தாய். "அக்கா, ஜெர்மன்காரங்க சாப்பிட்டுட்டிருக்காங்க. சாணிக்குழிப் பக்கமா சுத்திப் போயிடுங்க." போனோம்.

இந்த வருடம் வேலியைப் பிடுங்கவில்லை. நேற்று உன் புருஷன் வந்து, "மதினி, சனங்க எப்படி வருவாங்க?" என்று கெஞ்சினார்.

"சறுக்குப் பலகையைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, சாணிக்குழியைச் சுத்தி வரட்டும் தம்பி. கோர்பினியன் போன வழிதானே" என்றேன்.

இப்போது வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு வழி காட்டுகிறேன். இது விடுதிக்காரி சொன்ன வழி என்றும் சொல்லி அனுப்புகிறேன்.

உன் அக்கா