சாயத்தில் நனைந்த சூரியக் குடும்பம்

என் செல்லத் தங்கச்சி சௌந்தரத்துக்கு,

நிலாவில் மனிதன் இறங்கிவிட்டான், தெரியுமா? சின்னாளபட்டி டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றது. அங்கே ஒருவர்கூட அதைக் கண்ணால் பார்க்கவில்லை. காதால் கேட்டே நம்பினார்கள். உனக்குச் சொல்லத்தான் முதலில் மனம் ஓடியது. எங்கே வந்து சொல்ல?

உன் மூன்றாம் வயதில் வந்த அம்மை உன் பார்வையையும் நம் அம்மாவையும் சேர்த்துக் கொண்டுபோனது. உன்னைவிட இருபது வயது மூத்தவள் நான். உனக்குப் படித்துக் காட்டுவதற்காகவே எழுத்துக் கூட்டக் கற்றேன். எனக்கு வாத்தியார் யாருமில்லை. உனக்கோ கதை வேண்டாம், பாட்டு வேண்டாம். பூமி எதன்மேல் நிற்கிறது என்பதுதான் வேண்டும்.

திண்டுக்கல் பள்ளிக்கூடத்துக்கு உன்னை அழைத்துப்போன நாளை நான் மறக்கவில்லை. "பாட்டு கிளாஸ்ல உக்காரட்டும்மா. கிரகமெல்லாம் கண்ணால பாத்துப் படிக்கிற சங்கதி" என்றார் தலைமையாசிரியர். நீ சும்மா இருந்தாயா? "சனிக்கிரகத்த நீங்க பாத்திருக்கீகளா சார்?" என்று கேட்டாய். பக்கத்திலிருந்த குமாஸ்தா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை அடக்கத்தான், "வர்ற திங்கக்கிழமை வா. சூரியக் குடும்பத்தைப் படத்துல தொட்டுக் காட்டிட்டா சேத்துக்கிறேன்" என்றார்.

தொட்டால் தெரியும் படத்துக்கு எங்கே போவது? நமக்குத் தெரிந்தது சுங்குடிச் சேலைக்குப் புள்ளி கட்டுவதுதானே. வெள்ளைத் துணியில் பென்சிலால் வரைந்தேன். கோட்டின்மேல் புள்ளி புள்ளியாகத் துணியைக் கிள்ளி, விரலுக்குத் தட்டுப்படும்படி மொட்டு மொட்டாக நூல் சுற்றினேன். நடுவில் சூரியன், சுற்றிலும் பாதைகள், சனிக்கு மட்டும் ஒரு வளையம். பலகையில் இழுத்துக் கட்டியதும் உன் விரல் அதன்மேல் ஓடியது. "ஏக்கா, இம்புட்டுத் தள்ளியா இருக்கு சனி? பாவம், குளிரும்" என்றாய்.

வெள்ளிக்கிழமை, எடுத்துப்போக வசதியாக இருக்குமென்று அதைப் பலகையிலிருந்து கழற்றிச் சுருட்டினேன். கட்டி முடித்துச் சாயத்துக்குப் போக வைத்திருந்த சேலைகளின்மேல் வைத்தேன். சுருட்டிய பிறகு எல்லாம் ஒரே மாதிரி கசங்கிய மூட்டைதான். சாயப்பட்டறை ஆள் வந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனார். நான் கவனிக்கவில்லை.

சுங்குடிக்கு நூலை அறுப்பதில்லை. ஒரே நூல் புள்ளிக்குப் புள்ளி ஓடும். சாயம் காய்ந்ததும் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தால் எல்லாம் படபடவென்று அவிழும். ஞாயிற்றுக்கிழமை, சாயமேறித் திரும்பி வந்தவற்றை அப்படித்தான் ஒவ்வொன்றாக இழுத்தோம். ஒரு முனை நான், ஒரு முனை நீ. உனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

"மழை பேயிற மாதிரி இருக்குக்கா. இது எப்பிடி வந்திருக்கு?"

விரிந்த துணியைப் பார்த்தேன். கருநீலத்தில் வெள்ளைப் புள்ளிகளாகச் சூரியன் இருந்தது. சனி இருந்தது. அதன் வளையமும் இருந்தது.

"அழகா இருக்குத்தா" என்றேன். வேறு என்ன சொல்வது?

நாலு நாள் கட்டியதை ஒரே இரவில் எப்படித் திரும்பக் கட்டுவது? மறுநாள் காலையில் நீ படத்தைக் கேட்டாய். சாயப்பட்டறைக்காரர்களே தப்பாக அவிழ்த்துவிட்டார்கள் என்று சொன்னேன். துணியின் ஓரத்திலிருந்து முழம் போட்டு அளந்தே சனியின் இடத்தைக் காட்டிவிடலாம் என்று பிடிவாதமாக உன்னை இழுத்துப்போனேன். துணியை விரித்ததும் தலைமையாசிரியர் வாய் பிளந்தார். "அட, பிரமாதம்! எங்கம்மா சனி?"

உன் விரல் வழவழத்த துணியில் அலைந்தது. வெறும் நீலத்தில் போய் நின்றது.

"பாத்தியாம்மா, நான் சொன்னேன்ல" என்றார். ஒரு வாரம் தவணை கேட்டேன், தரவில்லை. அவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த படத்தை வைத்து உன்னைத் தோற்கடித்தாரே.

அதன்பிறகு நீ கிரகங்களைப் பற்றிக் கேட்கவே இல்லை. நாலு வருஷம் பிரம்பு நாற்காலி பின்னினாய். கடைசிக் காய்ச்சலில் உன் விரல் போர்வையில் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. எதைத் தேடினாய், தாயி?

இன்று ஒப்புக்கொள்கிறேன். சாயப்பட்டறைக்காரர்கள் ஒரு முடிச்சையும் அவிழ்க்கவில்லை. மழை மாதிரி இருக்கிறது என்றாயே, அன்று நாம் இழுத்து அவிழ்த்தது உன் சூரியக் குடும்பத்தைத்தான். உன் கையாலேயே இழுக்க வைத்தேன். உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் எனக்காகப் பேசாமல் இருந்தாயா?

அதே பள்ளிக்கூடத்தில் இப்போது சேவுகம்பட்டிப் பெண் ஒருத்தி படிக்கிறாள். அவளுக்கும் பார்வையில்லை. விஞ்ஞான வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறாளாம். கேள்விப்பட்டதும் பலகையை எடுத்துவிட்டேன். இந்த முறை ஒவ்வொரு புள்ளியையும் தனி நூலால் கட்டி, முடிச்சிட்டு, அறுத்துவிடுகிறேன். எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் அவிழாது. விரல் நுனி வெடித்துவிட்டது. சனி வரைக்கும் வந்திருக்கிறேன்.

நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பேன். அவள் விரல் சனியைத் தொடும்வரை அந்த வகுப்பை விட்டு நகரமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன்னிடம் பொய் சொன்ன,
உன் அக்கா