ஷூவுக்கு மேலே சாக்ஸ்

கயானி, டிசம்பர் 27

அன்பு மகள் சைலாவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், என் இரண்டு கால்களும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய ஆரஞ்சு வந்து சேர்ந்தது, நான்கு நசுங்கியிருந்தன, அவற்றை முதலில் தின்றேன்.

பனியில் எப்படி நடக்கிறீர்கள் என்று தொலைபேசியில் நீ கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன், அது உனக்கும் தெரியும், அதனால்தான் கடிதம். அம்மாவின் அஸ்தியை அவள் பிறந்த இந்த வடக்குப் பனி ஊரில் அடக்கம் செய்துவிட்டு நானும் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றபோது நீ ஒரு நிபந்தனை போட்டாய், பனியில் ஒரு முறை விழுந்தாலும் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்பெயினுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று. சரி என்று தலையாட்டினேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்குப் பனியில் நடக்க யார் சொல்லித்தர வேண்டும் என்ற திமிர். முப்பத்தொரு வருடம் கடற்கரையில் செருப்பைத் தேய்த்து நடந்த கால்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டன என்பது நவம்பரில் வாசற்படியிலேயே தெரிந்துவிட்டது. கைப்பிடிக் கம்பி இருந்ததால் தப்பித்தேன்.

எதிர்வீட்டு ஆவுனே அக்கா அதைப் பார்த்துவிட்டார். எண்பத்தொரு வயது, காலால் உந்தித் தள்ளும் சறுக்குவண்டியில் கடைக்குப் போய்வருகிறவர். "ஏன் தம்பி, இந்தக் கால்கள வாடகைக்கு எடுத்துட்டு வந்தியா? கைய பாக்கெட்லேர்ந்து எடு, முட்டிய மடக்கு, சின்னச் சின்னதா வை" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். வழுக்கும் நாளில் ஷூவுக்கு மேலே கம்பளி சாக்ஸ் மாட்டு என்றும் சொன்னார். அம்மா அந்த வேகாத வெயிலில் உட்கார்ந்து வருடாவருடம் சாக்ஸ் பின்னுவாளே, மீனுக்கா போடப்போறே என்று நான் கேலி செய்வேனே, அதில் ஒரு ஜோடியை அவள் நினைவாகப் பெட்டியில் வைத்திருந்தேன். சாம்பல் நிறம், குதிகாலில் சிவப்பு. மாட்டினேன். கால் அப்படியே பிடித்து நின்றது. அன்று வீட்டுக்குள் வந்து சிறிது நேரம் அழுதேன், பிறகு காப்பி போட்டுக் குடித்தேன். அன்றிலிருந்து தினமும் அம்மாவைப் பார்க்கப் போய்வருகிறேன்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஊரே மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போகும். என்னோடு பள்ளியில் படித்தவர்கள் எல்லாம் வருவார்கள், அவர்கள் எதிரில் ஷூவுக்கு மேலே சாக்ஸோடு போய் நிற்க வெட்கமாக இருந்தது. கல்லறைத் தோட்டத்தின் வெளிவாசலிலேயே சாக்ஸைக் கழற்றிக் கோட்டுப் பையில் வைத்தேன். பத்தடி போகவில்லை, விழுந்தேன். மல்லாக்க. மெழுகுவர்த்தி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். எலும்புக்கு ஒன்றும் இல்லை, இடுப்பில் உள்ளங்கை அளவு கன்றிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆவுனே அக்கா வண்டியை நிறுத்தி, "யாருக்காகக் கழட்டினே? அவளப் பார்க்கத்தானே வந்தே? போட்டுட்டுப் போ" என்றார். பனியில் உட்கார்ந்தபடியே எல்லார் எதிரிலும் மாட்டிக்கொண்டு, நானாக எழுந்து, நானாக நடந்துபோய் அம்மாவுக்கு விளக்கு வைத்தேன். காற்றில் இரண்டு முறை அணைந்தது, மூன்றாவதில் நின்றது. ரொம்ப நேரம் பக்கத்திலேயே இருந்தேன் சைலா, மனசு நிறைந்திருந்தது.

வாக்கு வாக்குதான், நீ கூப்பிட்டால் வந்துவிடுகிறேன். ஆனால் கூப்பிடுவதற்கு முன் பிப்ரவரியில் ஒரு முறை வந்து நான் நடப்பதைப் பார். வரும்போது உன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கும் அம்மாவின் நீலப் பெட்டியைத் திற. அவள் பின்னிய மற்ற சாக்ஸ் அதில்தான் இருக்கின்றன, எல்லாம் என் அளவு இல்லை. பாதிக்கு மேல் உன் கால் அளவு.

குழந்தைக்குத் தலையில் குல்லாய் போடாமல் கடற்கரைக்கு அழைத்துப் போகாதே. உங்கள் மூவரையும் கடவுள் நன்றாக வைத்திருக்கட்டும்.

ஒரே ஒரு முறை விழுந்த,
உன் அப்பா
தவ்னோ