பதினெட்டாம் நாள் அவிழ்த்த கட்டு

கதிர்காமக் கந்தன் துணை.

என் தங்க மகளுக்கு,

சித்தப்பா வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? திகனயிலும் மழையா?

செடி நர்சரிப் பயிற்சியின் கடைசிச் சோதனை நேற்று முடிந்தது. இருபது ரோசாச் செடியில் மொட்டு ஒட்டி, குறைந்தது பன்னிரண்டு துளிர்த்தால்தான் சான்றிதழ். அது இருந்தால்தான் பிலிமத்தலாவையில் வேலை. வேலை இருந்தால்தான் நமக்கென்று ஓர் அறை.

ஒட்டிய இடத்தில் சுற்றிய பொலித்தீனை இருபத்தொரு நாள் அவிழ்க்கக் கூடாது. கொப்பியில் நானே எழுதி வைத்திருந்தேன். ஆனால் இருபத்தோராம் நாள் அஷ்டமி, மறுநாள் நவமி; அதற்குமேல் தள்ளவும் முடியாது. மனது கேட்கவில்லை. பதினெட்டாம் நாள் வெள்ளிக்கிழமையாக வந்ததால், விளக்கேற்றிக் கும்பிட்டு எல்லாக் கட்டையும் அவிழ்த்துவிட்டேன். பதினாறு மொட்டு கருகிப்போனது.

"செடிக்குமா பஞ்சாங்கம் பார்த்தீங்க அக்கா?" என்று கூடப் படிக்கும் புஷ்பம் சிரித்தாள். பிறகு அவளே துளிர்த்த தன் செடிச் சாடிகளை என் பக்கம் தள்ளி, "எனக்குப் புள்ளி போட்டாச்சு. இதை உங்களதுன்னு காட்டுங்க" என்றாள். என் கை அதற்குப் போனது, மகள். ஆனால் சாமியை நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வகுப்பு தை மாதம்தானாம்.

ஞாயிறு உன்னைக் கூட்டிப்போக வருகிறேன் என்றேன். நீ உடுப்பெல்லாம் மடித்துப் பையில் வைத்திருப்பாய். சித்தி பார்க்குமுன் எடுத்து அலுமாரியில் வைத்துவிடு. ஏன் வரவில்லை என்று கேட்டால், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்.

உன் அம்மா