அரப்பு என்று எழுதிய புட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் இதை நேரில் சொல்லியிருப்பேன். நான் முடிக்கும் முன்பே அந்தப் பூச்சிக்கொல்லி நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்திருப்பீர்கள்.

பூச்சிக்கொல்லியை மிக நுண்ணிய துகள்களாக்கினால், அவை தண்ணீரில் ஒட்டித் திரண்டுவிடும். அவற்றைப் பிரித்து வைக்க, நாம் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் அரப்பு இலையிலிருந்து ஒரு பொருளை நீங்கள் செய்தீர்கள். நஞ்சு சீராகப் பரவினால் குறைவாகத் தெளித்தால் போதும் என்பது உங்கள் நோக்கம். ஆய்வுக்கூடத்தில் யாராவது அதை ‘மருந்து’ என்றால், ‘விஷம்னு சொல்லுங்க’ என்று திருத்துவீர்கள்.

உங்கள் முறையை வாங்கிய நிறுவனத்தார் புட்டியின் முகப்பில் ‘அரப்பு’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். பச்சை இலைப் படமும் உண்டு. நஞ்சின் பெயர் பின்புறத்தில், என் கண்ணாடிக்கும் எட்டாத எழுத்தில்.

சூலூரில் நம் பக்கத்துத் தோட்டத்துப் பழனிசாமி, கத்தரிக்கு அடிப்பதற்காக அதை வாளியில் ஊற்றி, வெறும் கையை முழங்கை வரை விட்டுக் கலக்கியிருக்கிறார். பிற்பகலில் வாந்தி. கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று மருத்துவமனையில் கேட்டேன்.

“அரப்புத்தானுங்களே. தலைக்குத் தேய்க்கறதுக்கு யாராச்சும் கையுறை போடுவாங்களா? அதுவும் நம்ம அக்கா செஞ்சதுன்னு கடைக்காரர் சொல்லிப்போட்டாருங்க.”



மறுநாள் அந்த நிறுவனத்தின் மேலாளர் என் அலுவலகத்துக்கு வந்தார். உங்கள் படத்தைப் புட்டியில் போட என் சம்மதம் வேண்டுமாம்.

“ஒரு கையெழுத்துங்க, வக்கீல் சார். அக்காவுக்கும் பெருமைதானுங்க.”

பழனிசாமியைப் பற்றிச் சொன்னேன்.

“கேள்விப்பட்டனுங்க. பின்னாடி போட்டிருக்கறதப் படிக்கோணுமில்லீங்களா? நாங்க பொய் எதுவும் போடலீங்க. அதுல அரப்பு இருக்குதில்லீங்க?”

இருக்கிறது. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அந்தச் சொல்லில் பொய் இல்லை. உண்மையான ஒரு சொல்லைக் கொண்டே ஒருவரை நஞ்சுக்குள் கையை விட வைத்திருக்கிறார்கள். மேலாளர் குடித்துவிட்டுப் போன காபி டம்ளரை வேறு யாரையும் தொடவிடாமல் நானே கழுவினேன்.

நோய்க்குக் காரணம் அந்தப் புட்டிதான் என்று மருத்துவர் எழுதித் தரும்வரை வெளியில் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். உங்களிடம் சொல்லலாம்.

கையெழுத்துப் போடவில்லை. உங்கள் முகம் அதில் வராது. பழனிசாமிக்காக நானே வழக்காடுவேன். நஷ்டஈட்டோடு என்னைச் சமாதானம் செய்ய வருவார்கள். ‘விஷம்’ என்ற சொல் முகப்புக்கு வராமல் நான் இறங்கி வர மாட்டேன்.

உங்கள் உடன்பிறந்த தம்பி