புரட்டாசியில் மீன் குழம்பு

திருமழிசை
16.11.2025, ஞாயிறு

அன்பு மகன் சரணுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே நலம். புனேயில் நீயும் அகல்யாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். மருமகளுக்குச் சளி விட்டதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. எனக்கும் நடுவில் அழுகை வந்து பேச்சு கெட்டுப்போகிறது. எட்டாவது வரை படித்தவள் கையெழுத்து, பொறுத்துப் படி. தனியாக இருக்கும்போது படி.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் ஏறியதால் மீன் வரத்து குறைவு. கிடைக்கிற கெண்டையை வாங்கிச் சாப்பாட்டுக் கடையை ஓட்டுகிறேன். ஆனால் மீனைவிட ஆள் வரத்துதான் குறைவு. புரட்டாசியில் கூட்டம் விழுவதும் ஐப்பசியில் திரும்புவதும் வழக்கம்தான். இந்த வருடம் திரும்பவில்லை. தொழிற்பேட்டை எஸ்டேட் ஆட்கள் எப்போதும்போல வருகிறார்கள், அவர்கள் போனைப் பார்த்துவிட்டா சோற்றுக்கு வருவார்கள்? ஞாயிற்றுக்கிழமை காரில் வரும் ஃபிளாட் குடும்பங்கள்தான் நின்றுவிட்டன. அந்த ஒரு நாள் வியாபாரத்தில்தான் கடை நிற்கிறது என்று உனக்குத் தெரியும். இப்படியே போனால் தை மாதம் கடை இருக்காது.

காரணத்தைச் சொன்னவள் பவித்ரா. எதிர் ஃபிளாட்டில் இருக்கிற திருநெல்வேலிப் பெண், கம்ப்யூட்டர் வேலை, ராத்திரிச் சாப்பாடு நம்மிடம்தான். போனில் நம் கடைச் சாப்பாடு எப்படி என்று மொத்தமே பதினோரு பேர் எழுதியிருக்கிறார்களாம். அதில் ‘பசித்த வயிறு’ என்று ஒருவனும், அவனுக்குத் துணையாக இன்னும் இரண்டு பெயர்களும், ஒற்றை நட்சத்திரம் போட்டு மேலே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்களாம்.

எனக்கு உடனே எதிர்ச்சாரி எத்திராஜ்மேல் சந்தேகம். பிரியாணிக் கடை போட்டு ஒரு வருடம் ஆகவில்லை, அவனுக்கு நம்மேல் பொறாமை இருக்காதா என்று நினைத்தேன். நடு ரோட்டில் நின்று கேட்டுவிட்டேன். நான்கு பேர் கூடிவிட்டார்கள். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “இன்னாக்கா, என் கடையே ஈ ஓட்டிக்கினு கீது, நான் உன் கடைய பத்தி குந்திக்கினு எழுதிக்கினு கீறனா?” என்றான். நான் நம்பவில்லை. திருடன் ஒத்துக்கொள்வானா என்று அதற்கும் ஒரு சத்தம் போட்டேன். அவன் பெண்டாட்டி அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அது மட்டுமா, ஒன்பது வருடமாக என்னோடு அடுப்படியில் நிற்கிற ஜமீலாவையும் விடவில்லை. உப்பு அதிகம் என்று எழுதியிருந்ததால் அவள் உப்புப் போடும்போதெல்லாம் பின்னால் போய் நின்றேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு, “நம்பிக்கை இல்லன்னா சொல்லிடுக்கா, நான் வேற ஊட்டுக்கு வேலைக்குப் போய்க்கிறேன்” என்றாள். அன்றைக்கு அவள் டீயைத் தொடவில்லை. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

போன வாரம் பவித்ராவை உட்கார வைத்து, மூன்றையும் எழுத்து விடாமல் மெதுவாகப் படிக்கச் சொன்னேன். அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது.

முதலாவது, மீன் குழம்பு பழையது, நேற்று வைத்ததை இன்று சூடாக்கிக் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தான். தேதியைக் கேட்டேன். புரட்டாசி இரண்டாம் வாரம். பெருமாள் கோயில் இருக்கிற இந்த ஊரில் புரட்டாசி முழுக்க நம் கடையில் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. எத்திராஜே அந்த மாதம் பிரியாணி அண்டாவைக் கவிழ்த்துவிட்டுத் தக்காளி சாதம்தான் போட்டான். இங்கே இருக்கிற யாரும் அந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். இந்த ஊர் ஆளாக இருந்து, வெளியூரில் மாதம் மறந்துபோனவன்தான் செய்வான். அதோடு நாம் கடையில் ஒரு நாளும் பழைய குழம்பு ஊற்றியதில்லை. மறுநாள் குழம்புக்கு வீட்டில் சட்டியைத் தூக்கிக்கொண்டு உட்காருகிறவன் ஒருவன்தான் இருந்தான்.

இரண்டாவது, கை கழுவும் இடம் வழுக்குகிறது, வயதானவர்கள் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு என்று ஒரு கேள்வி. ஆடி மாதம் நான் அங்கே விழுந்தது வாடிக்கையாளர் யாருக்கும் தெரியாது. ஜமீலாவிடம்கூடக் கதவில் இடித்துக்கொண்டேன் என்றுதான் சொன்னேன். மணிக்கட்டு என்று நான் சொன்னது ஒரே ஒருவனிடம், போனில்.

மூன்றாவது, உப்பு அதிகம் என்று எழுதியது, அதில் ஒரு படம். பவித்ரா பெரிதாக்கிக் காட்டினாள். குழம்பு எவர்சில்வர் தட்டில் இருக்கிறது. நம் கடையில் வாழை இலை தவிர வேறு கிடையாது. தட்டின் விளிம்பில் ‘காதணி’ என்கிற எழுத்து வரைக்கும் தெரிகிறது. மீதியை வெட்டியிருக்கிறாய். அதற்கு முன்னால் ‘ப. சரண்’ என்று இருக்கும். உன் காதுகுத்துக்கு மாமன் சீரில் வந்த தட்டு அது, இந்தப் பொங்கலுக்கு வந்தபோது நீ அதில்தான் சாப்பிட்டாய், சாப்பிடுவதற்கு முன் போட்டோவும் எடுத்தாய். பவித்ரா, “இது எந்தக் கடைத் தட்டும்மா?” என்று கேட்டாள். யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சரண், கோலாப்பூரிலும் மங்களூரிலும் நீ சாப்பிட்ட கடைகளைப் பற்றி எழுதி, ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போனில் படித்துக் காட்டுவாயே, அதில் ஒரு வரி பொய் இருக்காது. பூரி சரியில்லை என்றால் சரியில்லை என்றுதான் எழுதுவாய். எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? நம் கடைக்கு நீ முன்பு எழுதிய ஐந்து நட்சத்திரமும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நல்லதுக்கு உன் பெயரைப் போட்டாய். கெட்டதுக்கு மட்டும் ஏன் வேறு மூன்று பெயர்களைத் தேடினாய்?

இதோடு விட்டிருப்பேன். அம்மா அடுப்பில் வேகிறாள், மூட்டு வலிக்கிறது, சொன்னால் கேட்க மாட்டாள், கூட்டம் நின்றால் தானாக மூடிவிட்டு நம்மிடம் வந்துவிடுவாள் என்று நினைத்திருப்பாய் எனத் தேற்றிக்கொண்டேன். ஆனால் புதன்கிழமை குடோனுக்கு இடம் தேடுகிற ஆள் ஒருவர் வந்து கடையை முன்னும் பின்னும் நடந்து அளந்தார். யாரைக் கேட்டு என்றேன். “கடைய மூடப் போறீங்கன்னு உங்க பையன்தான் சொன்னாரு, அதான் எடத்த பாத்துகினு போலாம்னு வந்தேன்” என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மனதில் வைத்துக்கொண்டால் அழுகும், அதனால் கேட்டே விடுகிறேன். நீ இதைச் செய்தது என் கைக்காகவா, இந்த இடத்துக்காகவா? அகல்யாவுக்கு இது தெரியுமா? ஒரு ராத்திரி அவளையும் சந்தேகப்பட்டேன், அது பாவம். எதுவாக இருந்தாலும் நீ சொல்வதை நம்பத்தான் ஆசைப்படுகிறேன். முன்பு அப்படி ஆசைப்பட வேண்டியிருந்ததில்லை.

எத்திராஜ் வீட்டுக்கு நேற்று போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் பெண்டாட்டி தண்ணீர் கொடுத்தாள். எழுதியது யார் என்று தெரிந்ததா என்றான். யாரோ வழியில் போனவன் என்று சொன்னேன். ஜமீலாவிடமும் அதையேதான் சொன்னேன். உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேன், அது வேறு விஷயம். கை கழுவும் இடத்தில் சொரசொரப்பான கல் பதித்தாகிவிட்டது. நீ எழுதியதில் அந்த ஒன்று நியாயம்.

எழுதியதை அழிக்கச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. லீவு போட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார். உனக்கும் ஒரு இலை போடுகிறேன், என் கையாலேயே பரிமாறுகிறேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, நன்றாக இல்லை அம்மா, மூடிவிடு என்று உன் வாயால் சொல். அன்றைக்கே சாவியை உன் கையில் கொடுத்துவிடுகிறேன், ஏன் என்று கேட்க மாட்டேன்.

மழையில் நனையாதே. வெளியில் சாப்பிடும் நாளில் வெந்நீர் குடி. மருமகளை அதட்டாதே. நீ எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாலும் அந்தச் சோறு உன் உடம்பில் ஒட்ட வேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். சீக்கிரம் வா, கண்ணு.

உன் பெயரைச் சொல்லாமல் இருக்கிற
அம்மா,
பூங்காவனம்