நாலாவது வரி

அன்புள்ள சின்னுவுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்றே நம்ப விரும்புகிறேன். அப்பாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இப்ப நானும் ராப் பாடலாம்ல?" என்று வீட்டை வளைய வருகிறார். நேற்று சவரம் செய்தபடி, உன் போட்டியாளன் உன்னைத் தாக்கிப் பாடிய பாட்டிலிருந்து ஒரு வரியை, உன்னைப் பற்றியது என்று தெரியாமலே முணுமுணுத்தார். 'ஏசிய வச்சு, போர்வைய போத்தி, வெயிலப் பாடுற.' காதில் விழாமலிருக்க நான் சமையலறைக் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன்.

உன் பாட்டுகளுக்குத் தாளம் அமைக்கும் உன் சிநேகிதி டப்பா, போனில் அழுதாள். "'நான் ரூம்ல எப்படி எழுதினேன்னு உனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும், அம்மா சொல்லியிருக்க மாட்டாங்க, அப்ப நீதான்'னு சொல்லி என்னை பிளாக் பண்ணிட்டா ஆன்ட்டி" என்றாள். பேசிப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவள் சொல்லவில்லை, சின்னு. அந்த வரியை எழுதியது நான்.

இரண்டு மாதம் முன்பு என் பழைய மாணவன் ஒருவன் துறை அறைக்கு ஒரு தாளோடு வந்தான். யாருக்கோ பாட்டு எழுதிக் கொடுக்கிறானாம். "மேடம், நாலாவது வரி மட்டும் உக்கார மாட்டேங்குது" என்றான். மூன்றாவது வரியிலேயே உன் 'வெயில்' பாட்டின் பெயர் இருந்தது. தெரியாமல் செய்தேன் என்று இந்தக் கடிதத்தை எழுதித்தான் இரண்டு தாளைக் கிழித்தேன், தெரிந்துதான் செய்தேன். அவன் வரியை அடித்துவிட்டு, சிவப்புப் பேனாவால் மேலே எழுதிக் கொடுத்தேன். "மேடம், கொன்னுட்டீங்க!" என்று துள்ளினான். இருபத்து மூன்று வருடம் யாப்பு நடத்தியும் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. டீ வேறு வாங்கிக் கொடுத்தேன். உங்கள் சண்டையெல்லாம் ஆள் சேர்க்கிற விளையாட்டு, இன்று திட்டிக்கொண்டு நாளை ஒரே மேடையில் ஏறுவீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நாலு நாளில் பதில் பாட்டு வராவிட்டால் தோற்றாய் என்று முடிவு கட்டுவார்கள், என் வகுப்பிலேயே பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதெல்லாம் சாக்கு. உன் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லாததை அவன் கையில் கொடுத்தனுப்பினேன்.

இன்னொன்று. 'வெயில்' பாட்டைக் கேட்க ஆரம்பித்து முதல் பத்தியோடு நிறுத்தியவள் நான். நேற்றுதான் முழுசாகக் கேட்டேன். நம் ஏசியைப் பழுது பார்க்க, மூன்றாம் மாடி விளிம்பில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாரே மெக்கானிக், அவரைப் பற்றியது அது. அவர் சரிசெய்த குளிரில் போர்வைக்குள் கிடந்த உன்னையும் நீயே விட்டுவைக்கவில்லை. அதை நான் கேட்டிருந்தால் அந்த வரியே பிறந்திருக்காது. அவருக்குத் தண்ணீர் கொடுக்காத வீட்டுக்காரியான என்னை மட்டும் பாட்டில் சேர்க்காமல் விட்டுவிட்டாய்.

டப்பா வீட்டுக்கு இன்று மாலை நேரில் போய் இதைச் சொல்லப்போகிறேன். நீயும் கடிதம் கிடைத்ததும் முதலில் அவளைக் கூப்பிடு. என்னிடம் பிறகு பேசினால் போதும். எங்கே பாடினாலும் உன் குரல் ஓங்கி நிற்கட்டும், உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும். தொண்டைக்கு வெந்நீர் மறக்காதே. பதில் பாட்டில் அந்த வீட்டுக்காரியையும் சேர்த்துவிடு. நாலாவது வரி எப்படி இருந்தாலும் நான் கைவைக்க மாட்டேன்.

உன்
அம்மா