தண்ணீர் ஊற்றினால் பேசும் கொடிகள்

ஜூன் 3, செவ்வாய்
செவ்வாய் கடலுக்கு ஓய்வு நாள், இன்று யாரும் போகவில்லை. எங்கள் மீனவ ஊர் அனோமாபோ முழுக்க என் செல்போன் ரிப்பேர் கடையில்தான். சதுக்கத்தில் பாபா என்ற ஓவியக்காரி துணிக் கொடிகள் கட்டுகிறாள். வீட்டுக்கு ஒன்று, இறந்தவர் பெயரில், வீட்டார் தைத்துத் தர வேண்டும். கீழே பித்தளைத் தொட்டி. தண்ணீர் ஊற்றினால் ஒலிபெருக்கி ஒரு பெயரைக் கூப்பிடும், பிறகு அவர் குரல் கேட்கும். பழைய போன்களிலிருந்து குரல் எடுத்து ஏற்றுவது என் வேலை. இதுவரை நாற்பது.

ஜூன் 5
நாத்தனார் எஃபுவா நீலப் படகு பாதி தைத்த கொடியோடு வந்தாள். "அண்ணி, படகு போய் பதினாலு மாசம் ஆச்சு. எபோ அண்ணனுக்கும் ஒண்ணு இருக்கட்டுமே."
கத்திவிட்டேன். என் புருஷன் செத்தான்னு யார் சொன்னது? உடம்பைப் பார்த்தாளா அவ? உயிரோடு இருக்கிறவன் பெயரைத் தண்ணீர் ஊற்றிக் கூப்பிடக் கூடாதென்று தெரியாதா? கொடியை மேசைக்கடியில் தள்ளினேன்.

ஜூன் 8
அவன் கடைசியாக அனுப்பிய குரல்: "அரபா, நீல நூல் ரெண்டு உருண்டை வாங்கி வை. செவ்வாய்க்கிழமை வலை தைக்கணும்."
வாங்கினேன். இன்னும் உறை பிரிக்கவில்லை.

ஜூன் 9
அவன் பெயரையும் குரலையும் ஏற்றினேன். அழித்தேன். மறுபடி ஏற்றினேன் — எனக்கு என்னதான் வேண்டும்?

ஜூன் 10, செவ்வாய்
ஊர்த் தலைவர் முதல் தண்ணீர் ஊற்றுவதாக ஏற்பாடு. அதற்குள் மழை கொட்டியது. தொட்டிக்குக் கூரை வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, என்ன புத்தியோ! மழை விழ விழ ஒலிபெருக்கி ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. பெயர் கேட்டதும், அவர் போனது உண்மைதான் என்று அந்த வீட்டார் முதலில் 'ஆமா' சொல்ல வேண்டும், அப்புறம்தான் ஊர். படகுக் கொட்டகையில் ஒதுங்கி நின்றபடியே சொன்னார்கள். சிரிப்பும் அழுகையுமாக இருந்தது.
நாற்பத்தொன்றாவதாக, எபோ.
அழித்தேனா, இல்லையா? நேற்று எதில் நிறுத்தினேன்?
எஃபுவா என் பக்கம் திரும்பினாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மழைக்குள்ளிருந்து அவன் நூல் கேட்டான். "நிறுத்திடவா?" என்றாள் பாபா. தலையை ஆட்டினேன். வேண்டுமென்றா, வேண்டாமென்றா, எனக்கே தெரியவில்லை.
"ஆமா" என்றேன்.
அதன் பிறகு ஊர் சொன்னது.

ஜூன் 12
மேசைக்கடியிலிருந்து கொடியை எடுத்தேன், நூல் உறையைப் பிரித்தேன். எஃபுவா துணியைப் பிடித்துக்கொண்டாள். நீலப் படகுக் கொடியைத் தைத்து முடிக்க ஒரு உருண்டையே போதுமானதாக இருந்தது.